செருப்புக் கதவு

கோழிக்கூட்டில் தேங்கிய தண்ணீரை வடிய வைக்க நான் வெட்டிய முதல் வாய்க்கால், ஏரியைக் கூட்டுக்குள் அழைத்து வந்துவிட்டது.

2005 அக்டோபர் கடைசி வாரம். தீபாவளிக்கு ஐந்து நாள் இருந்தது. சென்னையில் ஒரே நாளில் 27 சென்டிமீட்டர் மழை கொட்டிய வாரம் அது. பழவேற்காட்டுப் பக்கமும் விட்டபாடில்லை. எனக்கு 13 வயது. பள்ளிக்கூடம் லீவு. பொன்னேரிக்கு மீன் கொண்டுபோக முடியாமல் அம்மா வீட்டில் முடங்கிக் கிடந்தாள். நைனா திண்ணையில் வலையைப் பரப்பி வைத்துப் பொத்தல் அடைத்துக்கொண்டிருந்தார். பின்பக்கம் கோழிக்கூட்டைச் சுற்றித் தண்ணீர் நின்றது. கொஞ்சம்தான், பாதம் நனைகிற அளவு. அதுவே எனக்குப் பொறுக்கவில்லை.

பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-இல் கட்டிய கெல்டிரியா கோட்டை இருந்த இடம் இன்று புதர் மண்டிக் கிடக்கிறது. கோட்டை போய்விட்டாலும் அகழி தெரியும். பள்ளி விட்டு வரும்போது அங்கே நின்று வேடிக்கை பார்த்திருக்கிறேன். சுற்றிலும் பள்ளம் வெட்டினால் நடுவில் இருப்பது காய்ந்திருக்கும் என்று அதைப் பார்த்து நானாக ஒரு பாடம் படித்து வைத்திருந்தேன். மண்வெட்டியை எடுத்துக் கூட்டைச் சுற்றிப் பள்ளம் வெட்டினேன். அங்கிருந்து ஏரிக்கரை வரைக்கும் 20 அடிக்கு ஒரு வாய்க்கால் இழுத்தேன். தண்ணீர் சலசலவென்று ஓடியது. தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் ஒரு தீப்பெட்டியைப் படகாக விட்டான். அது ஏரியைப் பார்த்துப் போனது. அன்றைக்கு நான் பொறியாளர்.

ராத்திரி ஏரி ஏறியது. விடியற்காலையில் ஆயா கூட்டுக் கதவைத் திறந்தபோது உள்ளே கணுக்காலுக்குத் தண்ணீர். ஏழு கோழிகளும் சவுக்குக் கம்பின் மேல் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நின்றன. கம்பு ஏறத் தெரியாத குஞ்சுகளில் நான்கு மிதந்தன. தம்பி விட்ட தீப்பெட்டியும் கூட்டு வாசலுக்குத் திரும்பி வந்திருந்தது.

ஆயா என்னை அடிக்கவில்லை. செத்த குஞ்சுகளை முறத்தில் அள்ளிப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "வாய்க்காலுன்னா போறதுக்கு மட்டுமா வழி? வர்றதுக்கும் அதாண்டி வழி."

எங்கள் குப்பத்தைப் பார்க்காதவர்களுக்கு இது புரிவது கொஞ்சம் கஷ்டம். கிழக்கே கடல், மேற்கே ஏரி, நடுவில் ஒரு மணல்திட்டு. அந்தத் திட்டின் மேல்தான் வீடு, கோயில், வலை காயப்போடும் இடம், கோழிக்கூடு எல்லாம். ஏரி வடக்கே ஆந்திராவுக்குள் போய், மொத்தம் 60 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது. ஆனால் ஆழம் பெரும்பாலும் இடுப்பளவுதான். அகலத் தட்டில் ஊற்றிய ரசம் மாதிரி. கொஞ்சம் கூடினாலும் விளிம்பைத் தொட்டுவிடும்.

மணல் தண்ணீரை உறிஞ்சும்தானே, அங்கே எப்படித் தேங்கும் என்று சென்னைத் தோழிகள் கேட்பார்கள். உறிஞ்சும்தான். மற்ற மாதங்களில் எங்கள் மணலில் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டினால், குடத்தை நிமிர்த்துவதற்குள் காணாமல் போய்விடும். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் அதே மணலில் ஒரு முழம் தோண்டினால் ஊற்று வந்துவிடும். அடியில் ஏற்கெனவே நிரம்பிவிட்ட மணல், மேலிருந்து வருவதை எங்கே வைத்துக்கொள்ளும்? ஆரணியாறும் மற்ற ஆறுகளும் வெள்ளத்தைக் கொண்டுவந்து ஏரியில் தள்ளும். முகத்துவாரம் திறந்திருந்தால் அது கடலுக்குப் போகும். மணல் மூடிக் கிடந்தால் போக இடமில்லாமல் ஏரி வீங்கும். ஏரி வீங்கினால் திட்டுக்கு அடியில் இருக்கும் ஊற்றும் கூடவே ஏறும். வாசலில் மழை விட்டு வெயில் அடிக்கும்போதுகூடக் கூட்டின் தரை நசநசவென்று ஊறும்.

இதை எங்கள் ஊரில் 'ஓதம் ஏறுது' என்பார்கள். சுவரில் ஈரம் ஏறுவதும் ஓதம்தான். கடல் ஏறி வருவதும் ஓதம்தான். வகுப்பில் தமிழய்யா ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் என்று நடத்தியபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் இரண்டும் ஒரே பொருள்.

கோழிக்காக இவ்வளவு பாடா என்று கேட்கலாம். பாடு என்ற சொல்லிலேயே பதில் இருக்கிறது. ஏரியில் இறால் பிடிக்கும் இடங்களைக் குப்பங்கள் முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் வழக்கத்துக்கும் பாடு என்றுதான் பெயர். இன்றைக்கு உன் முறை, நாளைக்கு அவன் முறை. முறை வருகிற நாளில் காசு. வராத நாளில் கையைப் பிசைய வேண்டியதுதான். ஏரிக்காசு ஆண்கள் கையில் வந்து, வலைக்கடன், டீசல், ஐஸ் என்று கரைந்துவிடும். முட்டைக்காசு ஆயாவின் சுருக்குப்பையில் விழும். எனக்கு ஜியாமெட்ரி பாக்ஸ் வாங்கியது, தம்பிக்குக் காது குத்தியது, அம்மா பிரசவத்துக்குப் போனபோது ஆட்டோவுக்குக் கொடுத்தது எல்லாம் அந்தப் பைதான். தீனிச் செலவும் பெரிதாகக் கிடையாது. உரித்த இறால் தலை, மீன் செதில், கருவாட்டுத் தூள், மிச்சச் சோறு. அந்த முட்டையை உடைத்தால் கரு செம்பருத்தி மாதிரி இருக்கும்.

பழைய கூட்டை 2004 டிசம்பர் 26-ஆம் தேதி கடல் எடுத்துக்கொண்டு போனது. அன்று படகும் வலையும் போனவர்கள் கதறிக்கொண்டிருந்தபோது ஒரு கூட்டுக்காக அழ யாருக்கும் வாய் வரவில்லை. புதிய கூட்டை நைனா கடலுக்குப் பயந்து ஏரிப்பக்கமாகத் தள்ளிக் கட்டினார். அதாவது மேட்டிலிருந்து பள்ளத்துக்குக் கொண்டுவந்தார். கிழக்கே பார்த்துப் பயந்தவர்கள் மேற்கே பார்க்கவில்லை. நான் வாய்க்கால் வெட்டிய கூடு அதுதான்.

அடுத்த கோடையில் உறவுக்காரர் ஒருவர் வந்தார். சென்னையில் கொத்தனார் வேலை பார்ப்பவர். "மண்தரைதான் தப்பு. சிமெண்ட் போட்டுவிட்டால் ஈரம் எங்கிருந்து வரும்?" என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஒரு மூட்டை சிமெண்ட் வாங்கி, கூட்டுத் தரையை வழவழவென்று பூசிக் கொடுத்துவிட்டுப் போனார். சுற்றிலும் நான்கு விரல் உயரத்துக்கு விளிம்பும் கட்டினார். வெளித்தண்ணீர் உள்ளே வராதாம்.

உள்தண்ணீர் வெளியே போகாது என்பது மழை வந்த பிறகுதான் தெரிந்தது. ஓலைச் சந்தில் அடித்த சாரல், கோழிகள் சிந்திய தண்ணீர், எச்சம் மூன்றும் சேர்ந்து அந்தத் தொட்டியில் ஊறின. மண்தரையாக இருந்திருந்தால் கொஞ்சமாவது குடித்திருக்கும். கூட்டைத் திறந்தால் நெடி மூக்கில் அடிக்கும், கண் எரியும். ஈர எச்சத்திலிருந்து கிளம்பும் அமோனியா அது என்று பின்னால் படித்தேன். பத்தாம் நாள் குஞ்சுகள் இறக்கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஓரமாக நின்றன. எச்சத்தில் ரத்தம். ஒரே வாரத்தில் பதினொரு குஞ்சுகளில் எட்டு போயிற்று.

பொன்னேரிக்குக் கொண்டுபோய்க் காட்டினோம். கால்நடை மருத்துவர் குஞ்சைக் கையில் வாங்கும் முன்பே கேட்ட கேள்வி: "தரை ஈரமா?" ரத்தக் கழிச்சலை உண்டாக்கும் கிருமியின் முட்டை எச்சத்தில் வெளியே வரும்போது யாரையும் ஒன்றும் செய்யாது. கதகதப்பும் ஈரமும் கிடைத்தால் ஓரிரு நாளில் பக்குவப்பட்டு, அடுத்து கொத்தித் தின்னும் குஞ்சின் குடலை அறுக்கத் தயாராகிவிடும். காய்ந்த தரையில் பக்குவப்படுவதற்கே அதற்குத் திண்டாட்டம். வெள்ளைக் கழிச்சல் வேறு. ராணிக்கெட் என்று நம் நாட்டு மலையூர் ஒன்றின் பெயரையும், நியூகாசில் என்று இங்கிலாந்து ஊரின் பெயரையும் சுமந்துகொண்டிருக்கும் அந்த நோய்க்குத் தடுப்பூசி உண்டு. பிப்ரவரி மாதம் கால்நடைத்துறை முகாம் போட்டு இலவசமாகவே போடுகிறது. "அதுக்கு ஊசி நாங்க போடுறோம். இதுக்கு ஊசி உங்க தரைதான்" என்றார்.

ஆயா அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து தினமும் காலையில் கூட்டுக்குள் கையை விட்டு, தரையில் பரப்பிய உமியில் ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பார்ப்பாள். கையைத் திறந்ததும் உமி உருண்டையாக நின்றால் முகம் சுண்டிவிடும். மெல்ல விரிந்து உதிர்ந்தால் சரி. ரொம்பக் காய்ந்து தூசியாகப் பறந்தாலும் ஆகாது. கோழிக்கு மூச்சு இரைக்கும். "கொழுக்கட்டையும் ஆவக்கூடாது, விபூதியும் ஆவக்கூடாது" என்பது அவள் அளவு. பல வருடம் கழித்துக் கோழி வளர்ப்புக் கையேடு ஒன்றில் இதே கைப்பிடிச் சோதனையைப் பார்த்தேன். அதில் கொழுக்கட்டை இல்லை, அவ்வளவுதான்.

சரியான கூட்டை நாங்கள் கட்டியது 2008-இல், புரட்டாசி வெயிலில். கட்டியது நைனா, கட்ட வைத்தவள் ஆயா. முதலில் அவள் நைனாவை ஒரு வேலையும் செய்யவிடவில்லை. ஒரு வருஷ மழை முழுக்க, தண்ணீர் எது வரைக்கும் ஏறுகிறது என்று பின்பக்கத்து வேப்பமரத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டு வைத்திருந்தாள். உயரக் கோட்டுக்கும் மேலே ஒரு சாண். "தரை இங்கதான்" என்றாள்.

தரை அங்கே என்றால் இரண்டரை அடி மேடு வேண்டும். சிமெண்ட் தரையை நைனா கடப்பாரையால் உடைத்து, அந்தக் கட்டிகளையே அடியில் போட்டார். சுனாமியில் இடிந்த சுவர்களின் செங்கல் குப்பத்தில் இன்னும் கிடந்தது, அதையும் போட்டோம். அதன் மேல் அரை அடிக்கு மட்டி ஓடு. பழவேற்காடு ஏரியில் சிப்பிக்கும் மட்டி ஓட்டுக்கும் பஞ்சம் கிடையாது. சுண்ணாம்பு சுடுவதற்காக அதைக் குவித்து எடுத்துப் பிழைத்தவர்கள் எங்கள் சொந்தத்திலேயே உண்டு. ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவில் இடைவெளி இருப்பதால், அடியிலிருந்து ஏறும் ஈரம் அந்த இடத்தைத் தாண்ட முடியாது. மணலில் மட்டும் அது திரியில் எண்ணெய் ஏறுவது மாதிரி ஏறிக்கொண்டே இருக்கும். இதெல்லாம் எனக்குப் பின்னால் விளங்கியது. நைனா சொன்னது வேறு: "நெறைய வவுறு இருக்கறதைப் போட்டா தண்ணி அங்கயே தங்கிடும்."

ஓட்டின் மேல் நேரடியாக மணல் கொட்டினால் மழைக்கு மழை மணல் இறங்கி இடைவெளி அடைத்துவிடும். அதற்கு ஆயா வைத்திருந்தாள் வழி. கிழிந்த இறால் வலையை நான்காக மடித்து விரித்து, அதன் மேல் பழைய பனை ஓலைப் பாய். பிறகு மணல். அதற்கு மேல் பொன்னேரி ரைஸ்மில் உமி. சாலை போடுகிறவர்கள் கல்லுக்கும் மண்ணுக்கும் நடுவில் துணி மாதிரி ஒன்றை விரிப்பதை இன்று பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த வலைதான் ஞாபகம் வருகிறது.

கூரையிலிருந்து விழும் தண்ணீர் அடுத்த தலைவலி. ஓலையை இரண்டடி வெளியே நீட்டினோம். சாரல் நின்றது, ஆனால் கூரைத் தண்ணீர் முழுவதும் மேட்டின் காலடியில் கொட்டி மணலை அரித்தது. நைனா விழுந்து கிடந்த பனைமரத்தில் ஒரு துண்டை அறுத்து, நெடுக்காகப் பிளந்து, உள்சோற்றைக் குடைந்து எடுத்தார். பனையின் வெளிவட்டம் வைரம், உள்ளே நார்ச்சோறு. குடைந்தால் தூம்பு தானாகக் கிடைக்கும். அதைக் கூரை ஓரத்தில் சாய்த்துக் கட்டி, தண்ணீரை ஒரு பக்கமாகக் கொண்டுபோய் விட்டார்.

எங்கே விடுவது? அங்கேதான் மறுபடியும் என் பழைய வாய்க்கால் வந்து நின்றது. ஏரியைத் தவிர வேறு பள்ளம் இல்லை. ஏரி இறங்கியிருக்கும்போது அது வாங்கிக்கொள்ளும். ஏறியிருக்கும்போது திருப்பித் தரும்.

நைனா ஒரு காலத்தில் இறால் பண்ணைக்குக் குளம் வெட்டும் கூலியாகப் போனவர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஏரியைச் சுற்றிப் பண்ணைகள் முளைத்தன. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் பழவேற்காடு, சிலிகா ஏரிகளைச் சுற்றி 1,000 மீட்டருக்குள் இறால் பண்ணை கூடாது என்று தீர்ப்பளித்தது. பண்ணையால் ஏரி கெடுகிறது என்று குப்பத்தில் பேசியவர்களில் நைனாவும் ஒருவர். வயிற்றுக்காக அங்கே கூலிக்குப் போனவர்களிலும் ஒருவர். இரண்டையும் அவர் மறைத்ததில்லை. அங்கே கற்றுக்கொண்டது மதகு. தண்ணீரை எப்போது விடுவது, எப்போது நிறுத்துவது என்பதுதான் பண்ணையின் உயிர்.

எங்கள் கூட்டுக்கு மதகுக்காரன் வைக்க முடியுமா? நைனா வேறொன்று செய்தார். மேட்டைச் சுற்றி ஓடுபோட்ட பள்ளம். பள்ளத்தைச் சுற்றி ஏரிச்சேறு பூசிய வரப்பு. வரப்பைத் துளைத்து ஏரிப்பக்கம் போகும் இரண்டு இஞ்ச் பிவிசி பைப். அந்தப் பைப்பின் வெளிவாயை அவர் நேராக அறுக்காமல், மேல் உதடு உள்ளே இருக்க, கீழ் உதடு முன்னே நீள, சாய்வாக அறுத்தார். பிறகு தன் கால் செருப்பில் ஒன்றைக் கழற்றினார். ஹவாய் செருப்பு, நீல வார், வெள்ளை அடி.

நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். செருப்பின் பக்கவாட்டு வார் நுழையும் இரண்டு ஓட்டைகளுக்குச் சற்று முன்னால் அரிவாளை வைத்து ஒரு வெட்டு. குதிகால் பாதி கையில் நின்றது. மேல் விளிம்பில் இரண்டு ஓட்டை, யாரோ கீல் மாட்டுவதற்கென்றே போட்டுவைத்தது போல. பைப்பின் மேல் உதட்டிலும் சூட்டுக்கோலால் இரண்டு ஓட்டை. நைலான் நரம்பைக் கோத்துத் தளர்வாகக் கட்டினார். செருப்பு ரப்பர் மிதக்கும் என்பதால் அதன் கீழ் ஓரத்தில் வலையில் கட்டும் ஈயக்குண்டு ஒன்றை வைத்துத் தைத்தார். குதிகால் அச்சு பதிந்த பக்கம் வெளியே. வழவழப்பான அடிப்பக்கம் பைப்பின் வாயில் ஒட்டி உட்கார்ந்தது. உள்ளேயிருந்து ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினார். செருப்பு மெல்ல வாய் திறந்து வழிவிட்டு மூடிக்கொண்டது. வெளியேயிருந்து ஊற்றினார். இன்னும் இறுக்கமாக மூடிக்கொண்டது.

ஆயா ஒற்றைச் செருப்போடு நின்ற மகனை மேலும் கீழும் பார்த்தாள். "இன்னொன்னையும் வெட்டி வச்சிக்கோ. பிஞ்சா ஆவும்."

அந்தக் கதவு முதலில் பரீட்சைக்கு நின்ற காலை எனக்குத் தேதியோடு நினைவிருக்கிறது. 2008 அக்டோபர் 22. அதற்கு முந்தைய நாட்கள் நல்ல மழை. விடிந்தும் வானம் கருத்துக் கிடந்தது. எங்களுக்கு வடக்கே, 30 கிலோமீட்டருக்குச் சற்று மேலே, ஸ்ரீஹரிகோட்டா. காலை 6.22-க்கு மேகத்துக்குள் ஒரு வெளிச்சம் எழும்பியது. ஒன்றரை நிமிடம் கழித்துத்தான் ஓசை வந்தது. எப்போதும் போல ஜன்னல் தகரம் அதிர்ந்தது. கோழிகள் கூட்டுக்குள் அடித்துப் புரண்டன. குப்பமே வெளியே வந்து நின்று மேலே பார்த்தது. சந்திரயான்.

ஆயா மட்டும் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏரி கதவின் பாதிக்கு ஏறியிருந்தது. வரப்புக்கு உள்ளே பள்ளம் காய்ந்து கிடந்தது. கூட்டுக்குள் கையை விட்டு ஒரு பிடி உமியை அள்ளி இறுக்கினாள். விரலைத் திறந்தாள். உதிர்ந்தது.

நிலாவில் நீரின் தடயத்தைக் கண்டதாக அந்தச் சந்திரயானின் பெயர் அடுத்த ஆண்டு செய்தியில் வந்தபோது, ஆயாவிடம் வாசித்துக் காட்டினேன். "இங்க வேணாங்கறது அங்க இருக்குதா? வேணுன்னா இதையும் வந்து எடுத்துக்கினு போவச் சொல்லு" என்றாள்.

எல்லாம் சுபம் என்று முடித்தால் பொய்யாகிவிடும். கதவு மூடியிருக்கும்போது வெளித்தண்ணீர் வராது. ஆனால் உள்ளே பெய்கிற மழையும் வெளியே போகாது. 2015 நவம்பர் நடுவில் தொடங்கி டிசம்பர் முதல் வாரம் வரை பெய்த மழையில் ஏரி இறங்கவே இல்லை. செருப்பு நாள்கணக்கில் வாயைத் திறக்கவில்லை. வரப்புக்குள் தண்ணீர் ஏற ஏற, ஆயா ஒரு பெயிண்ட் டப்பாவை வைத்துக்கொண்டு இறைத்தாள். ராத்திரி நைனா, விடியலில் அம்மா, பகலில் ஆயா. நான் அப்போது சென்னையில் வேலையில் இருந்தேன். தண்ணீருக்குப் பயந்து மாடி வீட்டில் உட்கார்ந்துகொண்டு போனில் கேட்டேன். "கூடு எப்படி இருக்கு?" "ஓட்டுக்கு மேல வரல. நாலு விரக்கடை பாக்கி." கதவு வேலையைப் பாதியாக்கும்; மீதி வேலை கையில்தான் இருக்கிறது என்பது அந்த நாலு விரக்கடையில் தெரிந்தது.

அடுத்த ஆண்டு டிசம்பர் 12, வர்தா புயல். தரை காய்ந்தே இருந்தது. கூரைதான் பறந்துபோய் மூன்று வீடு தள்ளி விழுந்தது. பத்து வருஷமாகக் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தோம். காற்றுக்கு நாங்கள் கட்டியிருந்தது நான்கு கயிறு.

இந்தக் கூட்டை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முகத்துவாரம் நினைவுக்கு வரும். ஏரிக்கும் அது ஒன்றுதான் எங்கள் பக்கத்துக் கதவு. திறந்திருந்தால் ஓதத்தோடு கடல் உள்ளே வரும். இறால் குஞ்சும் மீன் குஞ்சும் கூடவே வரும். வெள்ளக்காலத்தில் ஏரி கடலுக்கு வடியும். ஆண்டில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகரும் கடற்கரை மணல் அந்த வாயை அடைத்துக்கொண்டே இருக்கிறது. அடைபட்டால் கோடையில் ஏரி உப்பாகிச் சாகும்; மழையில் எங்கள் பின்கட்டுக்கு வரும். குப்பத்து ஆட்கள் கூடி மணலை வெட்டித் திறந்துவிட்ட நாட்களில் நைனாவும் மண்வெட்டியோடு போயிருக்கிறார். வாயின் இருபுறமும் கல்லைக் கொட்டி நிரந்தரமாகத் திறந்து வையுங்கள் என்று மீனவர்கள் பல வருடமாகக் கேட்டார்கள். அண்மையில்தான் அரசு நேர்கல் தடுப்புச் சுவர் வேலையைக் கையில் எடுத்தது. அந்த ஒரு வாய் சரியாக இருந்தால் எங்கள் திட்டில் எத்தனையோ கூடுகளுக்குச் செருப்பே தேவைப்படாது.

ஆயா 2019-இல் போய்ச் சேர்ந்தாள். கூடு இருக்கிறது. பைப் பழையது, செருப்பு மட்டும் மூன்றாவது. இப்போது தொங்குவது தம்பியுடையது.

நான் மீஞ்சூர்ப் பக்கம் ஒரு புது நகரில் குடியிருக்கிறேன். நெல் விளைந்த நிலம், இப்போது மனைகள். போன மழைக்கு எங்கள் தெருவில் தண்ணீர் நின்றது. வீட்டுக்கு இவ்வளவு என்று வசூல் செய்து, கால்வாயை இன்னும் ஆழமாக வெட்டலாம் என்று கூட்டத்தில் முடிவானது. அது எங்கே போய் முடிகிறது என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. மறுநாள் காலை அதன் ஓரமாகவே நடந்துபோய்ப் பார்த்தேன். நான்கு தெரு தள்ளி, எங்கள் தெருவைவிட உயரமான ஒரு காலி மனையில் முட்டி நின்றது.

ஆழமாக வெட்டியிருந்தால், அந்த மனையில் நிற்பதும் சேர்ந்து எங்களிடம்தான் வந்திருக்கும். வசூலான பணம் இன்னும் செயலாளரிடம் இருக்கிறது. மண்வெட்டியைக் கையில் எடுக்கும் முன், உங்கள் வாய்க்கால் முடிகிற இடம் வரைக்கும் ஒருமுறை நடந்து போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.